முடிஞ்ச மாதிரி

முதலில் ஞாபகத்துக்கு வருவது அந்தப் பச்சைதான். கம்ப்யூட்டர் திரையில் நகத்தளவு கட்டம். நான் ஒரு தட்டுத் தட்டியதும் சிவப்பு போய், சட்டென்று நிறைந்த பச்சை.

மதுரையில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் வேலை அட்டவணை பார்த்துக்கொண்டிருந்தேன். புது சாஃப்ட்வேர் வந்தபின் வேலை ஒழுங்குக்கு வந்தது, மறுக்க மாட்டேன். ஜல்லி வந்திறங்கி மணலுக்காகக் காத்துக் கிடந்த நாட்கள் ஒழிந்தன. கோச்சடையில் ஒரு குடியிருப்புக்குச் சொன்ன தேதியில் சாவி கொடுத்தோம். ஒரு வேலை முடிந்ததென்று தட்டினால், அடுத்த வேலைக்காரர்களின் போனுக்குத் தானாகவே செய்தி போய்விடும்.

சைட்டைப் பார்த்துக்கொண்டவர் சூப்பர்வைசர் அண்ணன். உசிலம்பட்டிப் பக்கத்து மானாவாரிக்காரர். தளம் போட்ட மறுநாளே அதன்மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவார், காங்கிரீட் இறுகட்டும் என்று. "எங்க காட்டுக்கு இம்புட்டுத் தண்ணி காட்டுனதில்ல தாயி. இந்தச் சிமிட்டி குடுத்துவச்சது" என்பார். தினமும் நாலு மணிக்கு போன் போட்டு எந்த வேலையைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "முடிஞ்ச மாதிரிதான் தாயி." அந்த 'மாதிரி'க்குள் அரை நாளும் இருக்கும், ஒரு வாரமும் இருக்கும். தொடக்கத்தில் கிண்டிக் கிண்டிக் கேட்டேன். பிறகு விட்டுவிட்டேன். திரையில் இருந்தவை இரண்டே வார்த்தைகள்: முடிந்தது, முடியவில்லை. மாதிரிக்கு அங்கே இடமில்லை.

ஆனையூரில் ஒரு கல்யாண மண்டபம் எழும்பிக்கொண்டிருந்தது. முதலாளி அன்று சாயங்காலம் மண்டபக்காரருக்குத் திரையைக் காட்ட வேண்டும். வரிசையில் ஒரே ஒரு சிவப்பு: முகப்புத் தளத்துக்குத் தண்ணீர் நிறுத்துவது. போன் போட்டேன். அதே பதில். தட்டினேன். பச்சை.

மறுநாள் காலை சென்ட்ரிங் ஆட்கள், தளத்தைத் தாங்கி நின்ற முட்டுகளைப் பிரிக்க வந்துவிட்டார்கள். அண்ணன் அப்போது வேறொரு சைட்டில். மேலே இன்னும் தண்ணி நிக்குதேப்பா என்று வாட்ச்மேன் தயங்கியிருக்கிறார். "ஆபீஸ்லயிருந்தே மெசேஜ் வந்திருச்சுண்ணே" என்று போனைக் காட்டியிருக்கிறார்கள். கடைசி வரிசை முட்டுகளை உருவும்போது தளம் இறங்கியது. அடியில் இருந்தவர் ஒருவர். நான் போய்ச் சேர்ந்தபோதும் பாத்தித் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. அதன் நிறத்தை எழுத மாட்டேன்.

கம்பெனியில் விசாரித்தார்கள். முடிஞ்சதுன்னு சொன்னியா என்று முதலாளி கேட்டார்.

"முடிஞ்ச மாதிரின்னு சொன்னேன்" என்றார் அண்ணன்.

"ரெண்டும் ஒண்ணுதானய்யா" என்ற முதலாளி என் பக்கம் திரும்பினார். கதவிடுக்கில், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த செத்தவர் மனைவியின் கால்கள் தெரிந்தன. ஒரு காலில் மட்டும் செருப்பு.

"முடிஞ்சதுன்னுதான் சொன்னாரு" என்றேன்.

ஒரே ஒரு சொல்லை விழுங்கினேன். அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தாயி சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார். அதில் ஒரு துளி குத்தல் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அவருக்கு வேலை போனது. வழக்கும் அவர் பேரில்தான். வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏறி வந்துபோனவர், தீர்ப்பு வருமுன் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் துக்கத்துக்குப் போகவில்லை. மண்டபம் எழும்பி, அதில் முகூர்த்தமும் தவறாமல் நடக்கிறது. அட்டவணைப்படி அது நன்றாக முடிந்த வேலை.

இப்போது வேறு கம்பெனி, வேறு சாஃப்ட்வேர். கால், அரை, முக்கால் என்றெல்லாம் குறிக்கலாம். ஆனாலும் நாலு மணிக்குப் போன் போட்டால், "முடிஞ்ச மாதிரிதான் மேடம்" என்றுதான் வருகிறது. மாதிரின்னா எத்தனை நாள்ணே என்று, எண்ணிக்கை வரும்வரை விடமாட்டேன். தொணதொணப்பு என்று முதுகுக்குப் பின்னால் பேசுகிறார்கள். பேசட்டும். அன்றைக்கு இதைக் கேட்டிருந்தால் ஒரு கட்டம் இன்னும் சில நாள் சிவப்பாகக் கிடந்திருக்கும். முதலாளி முகம் சுளித்திருப்பார். அவ்வளவுதான்.

அந்த அட்டவணை ஏதோ பழைய கம்ப்யூட்டரில் இன்னும் இருக்கும். அண்ணன் பெயருக்கு நேரே அந்தக் கட்டம் பச்சையாகவே இருக்கும். அதை யாரும் மாற்றவில்லை. நானும்.