தண்டில் சுற்றிய பச்சை நூல்

அன்று காலை ஏழே காலுக்கு, டிராக்டருக்குப் பின்னால் சுழன்றுகொண்டிருந்த இரும்புத் தண்டில் பச்சை நூல் ஒன்று சுற்றியிருப்பதைப் பார்த்தேன்.

ஆரணியில் எனக்கு விசைத்தறிக் கொட்டகை இருக்கிறது. போளூர் சாலையில் கொஞ்சம் நிலமும் உண்டு. செடியிலிருந்து வேர்க்கடலையைப் பிரிக்கும் இயந்திரம் வாங்க வசதியில்லை. வீடியோ பார்த்து, பழைய இரும்பில் நானே ஒன்று செய்து, அந்தத் தண்டால் டிராக்டரோடு இணைத்தேன். தண்டை மூட வெட்டிய தகரம் பொருந்தவில்லை. அதை வரப்பில் வைத்துவிட்டு இயந்திரத்தை ஓட்டினேன்.

"இன்னாங்கண்ணா, தறிய வயலுக்கே இட்டாந்துட்டீங்களா?" என்று சிரித்தாள், இயந்திரத்தில் செடி போடக் கூலிக்கு வந்த வள்ளி.

"பேசிகினு நிக்காத, ஜல்தியா போடு" என்றேன்.

தறித் தண்டில் நூல் சுற்றுவது தினமும் நடப்பது. வேலை முடிந்த பிறகு பிளேடால் அறுத்தெடுப்போம். அந்தப் பழக்கத்தில் நான் டிராக்டரை நிறுத்தவில்லை. கொட்டகைக்குள் வரும் பெண்கள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்வார்கள். வள்ளியிடம் அதை நான் சொல்லவில்லை. அந்த நூல் அவள் முந்தானையிலிருந்து வந்தது.

அடுத்த கட்டுச் செடிக்காக அவள் குனிந்தபோது தண்டு முந்தானையைப் பிடித்து இழுத்தது. பருத்தியாக இருந்தால் கிழிந்திருக்கும். அது பாலியஸ்டர்.

"அண்ணா, நிறுத்துங்க!"

நான் ஓடிப்போய் நிறுத்துவதற்குள் அவள் வலது கை தண்டில் சிக்கிவிட்டது. மருத்துவமனையில் முழங்கைக்கு மேலே கையை எடுத்துவிட்டார்கள்.

"அண்ணா மேல தப்பில்லீங்க, நான்தான் பாக்கல" என்று விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம் வள்ளி சொன்னாள். பக்கத்தில் நின்ற நான் மறுக்கவில்லை.

இப்போது வள்ளிக்கு அவள் மகள்தான் புடவை கட்டிவிடுகிறாள்.