அம்மா தவறவிட்ட நாடா

என் அம்மா காமாட்சியம்மாள் சிறுமியாக இருந்தபோது தாத்தாவின் தறியில், கரையை உடலோடு இணைக்கும் கோர்வைப் பக்கம் உட்காருவார். தாத்தா புடவையின் உடலை நெய்ய, அம்மா கரைக்கான நூல் சுற்றிய நாடாவை இழைகளுக்கு நடுவே முறை தவறாமல் தள்ள வேண்டும். பாதியில் கவனம் எங்கோ போய்விடும். கரையில் ஓட்டை விழும். முதுகில் அடி விழும். அதை வைத்தே அம்மாவின் அண்ணன் தேவேந்திரன் மாமா, அறுபது தாண்டியும், அம்மாவைத் 'தூங்குமூஞ்சி' என்றுதான் கூப்பிடுவார்.

போன வருடம் என் மகள் கீர்த்திக்கு ஏ.டி.எச்.டி. என்னும் கவனக்குறைபாடு இருப்பதை மருத்துவர் கண்டறிந்தார். ஓடியாடாத பெண் குழந்தைகளிடம் இது வெளியே தெரிவதில்லை, அடித்தால் சரியாகாது, பயிற்சியும் மாத்திரையும் உதவும் என்றார்.

கூட வந்திருந்த அம்மா கேட்டார்: "அப்போ அந்தப் பொண்ணு வேணும்னு செய்யலையா டாக்டர்?"

"எந்தப் பொண்ணும்மா?"

"நான்தான்."

உங்களுக்கும் இருந்திருக்கலாம் என்றார் மருத்துவர்.

வெளியே வந்ததும் அம்மா மாமாவுக்குப் போன் செய்து சொன்னார். அவர் சிரித்தது எனக்கே கேட்டது.

"தூங்கி வழியிறதுக்கும் ஒரு பேரு வச்சிட்டாங்களா?"

அடுத்த முறை அண்ணனையும் கூட்டிப்போய் டாக்டர் வாயாலேயே கேட்க வைக்க வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள் மாரடைப்பு வந்து இறந்துவிட்டார்.

காரியத்தன்று கீர்த்தி மாத்திரை போடுவதைப் பார்த்து மாமா எதற்கென்று கேட்டார். அம்மாவுக்கும் இது இருந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதையும் சேர்த்து விளக்கினேன். மாமா மாத்திரை அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"அப்பா அவள அடிக்கும்போது நான் பார்த்துக்கினு சிரிப்பேன்மா. அவ இருக்கும்போதே இத சொல்லியிருக்கக் கூடாதா?"

"அம்மா சொன்னாங்களே மாமா," என்றேன்.