இரண்டாம் பாகம் தேடிப் பள்ளிவாசலுக்கு

மூத்த பேரன் டேனியல் மதராஸில் எஞ்சினீயர். பேத்தி கிரேஸ் டாக்டருக்குப் படிக்கிறாள். கடைக்குட்டி சாமுவேல் இங்கிலீஷ் எம்.ஏ.யில் முதல் வகுப்பு. "இரண்டாம் பாகமும் கிடைத்தால் நானே வந்து படித்துச் சொல்கிறேன் பாட்டி" என்று அவன் எழுதியிருந்தான். அதற்காகத்தான் இந்த ஜனவரியில் கொல்லங்கோட்டிலிருந்து மலையேறினேன்.

புத்தகம், சீமையில் வாழ்ந்த பியூரிட்டன் போதகர் ஒருவரின் தியானம். இருநூறு வருஷத்துப் பழைய அச்சு. இப்படிப்பட்டவற்றை என் வீட்டுக்காரர் தேடித் தேடிச் சேர்த்தார். இதில் முதல் பாகம்தான் அகப்பட்டது. அவர் போனபின் தேடுவது என் பொறுப்பாயிற்று. ஐந்தாவதோடு நின்ற எனக்கு இங்கிலீஷில் எழுத்து தெரியும், வாசிக்க வராது. மற்றது மூணாறு பக்கம் பள்ளிவாசல் என்கிற தேயிலைத் தோட்டத்து ஊரில், ஒரு வீட்டில் இருப்பதாக உபதேசியார் ஒருவர் சொன்னார்.

காலை ஆறு மணிக்குக் கோவிந்தாபுரத்தில் பொள்ளாச்சி பஸ்.

"ஏனுங்கம்மா, மலைக்குத் தனியாவா? ஊட்டுல ஆருமில்லீங்களா?" என்றார் கண்டக்டர்.

"எல்லாரும் பெரிய வேலைல இருக்காங்க தம்பி."

உடுமலைப்பேட்டையில் பஸ் மாறி, மறையூர் வழியாக மூணாறு சேர மாலை நாலு. அங்கிருந்து ஐந்து மைல், ஜீப்பில் எட்டணா. வழியெல்லாம் பக்கத்து இருக்கையில் என் பைதான்.

உபதேசியார் சொன்ன வீடு எஸ்தருடையது; தேயிலை பாக்டரி கிளார்க்கின் விதவை. "வாங்கக்கா, குளிருல நடுங்கிட்டு நிக்கியளே" என்று உள்ளே அழைத்தாள். மேஜைமேல் அதே தோல் அட்டை! ஒன்பதாவது படிக்கும் அவள் பேத்தி மேரி, தினம் ஒரு பக்கம் வாசித்துத் தமிழில் சொல்வாளாம்.

"என்ன புஸ்தகமோக்கா, பக்கத்துக்குப் பக்கம் மீன் துடுப்பு, மீன் துடுப்புன்னு அழுதான் அந்த வெள்ளக்காரன்."

வாங்கிப் பார்த்தேன். பழைய அச்சில் சொல்லின் முதலிலும் நடுவிலும் வரும் 'எஸ்', பார்வைக்கு 'எஃப்' போலிருக்கும். என் வீட்டுக்காரர் காட்டித் தந்தது. 'ஸின்' என்பதைப் பெண் 'ஃபின்' என்று வாசித்திருக்கிறாள்.

"அது பாவம் கண்ணு, துடுப்பில்ல."

எஸ்தருக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது. "ஏட்டி மேரி, இம்புட்டு நாளா மீனுக்குல்லா செபம் பண்ணியிருக்கோம்!"

மேரி அந்தப் பக்கத்தை மறுபடி வாசித்தாள். மூன்று பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம் என்றுதான் எழுத வந்தது. கேட்டது நானும் எஸ்தரும், இரண்டு பேர்தான். அவர் போனபின் என் வீட்டில் யாரும் அப்படி வாசிக்கக் கேட்டதில்லை.

"மொத பாகம் இல்லாம தலையும் தெரியல, காலும் தெரியலக்கா" என்றாள் எஸ்தர்.

அட்டை ஒத்துப் பார்க்கக் கொண்டுபோன முதல் பாகத்தைப் பையிலிருந்து எடுத்தேன். இரண்டாம் பாகத்தின்மேல் வைத்துவிட்டு எழுந்தேன்.

இவ்வழி போகிறவர்கள் கம்பளி கொண்டுபோங்கள். மறையூருக்கு மேல் வளைவுகள் அதிகம், வயிறு நிறையச் சாப்பிடாதீர்கள். யாரிடமும் புத்தகம் கேட்குமுன், அந்த வீட்டில் அதை வாசிக்கிறார்களா என்று பாருங்கள்.

சாமுவேல், வாசிப்பதற்கென்று நீ இனி லீவு போட வேண்டாம். அலமாரியில் முதல் பாகம் இருந்த இடம் காலியாக இருக்கிறது. என்னிடமுள்ள படத்தில் உனக்கு மீசைகூட முளைக்கவில்லை. புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு.