விளக்குக் கரிக்கு வெள்ளையடித்த மாமேதை

மலிவு பெயிண்ட்டின் வாடை இருக்கிறதே... பினாங்குத் தீவின் டத்தோ கிராமாட்டில் நான் டின்னைத் திறந்தால், கடல் தாண்டி பட்டர்வொர்த்தில் தும்முவார்கள்!

நாலு வருஷம் முந்தி. என் மனைவி கமலாவுக்கு முழங்கால் தேய்ந்து, வீட்டு மாடிப்படி இமயமலையாகிவிட்டது. அதை விற்றால்தான் அக்கரையில் செபராங் ஜெயாவில், மகள் வீட்டுப் பக்கத்தில், மாடியில்லாத வீடு வாங்க முடியும்.

"செலவுக்கு ஐந்நூறு வெள்ளிதான். அதுக்கு மேல கேக்கவே கூடாது" என்றார் நிதியமைச்சர் கமலா.

வீட்டு ஏஜென்ட் பெண்ணோ, "எல்லாச் சுவரும் வெள்ளையா இருக்கணும் அங்கிள், உங்க சாமான் எதுவும் கண்ணுல படக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

போதாதா? ஆள் வைக்காமல் நானே பிரஷ்ஷைப் பிடித்தேன். ஒரே வாரம்... அரண்மனை தோற்றது! வாசல் நிலையிலிருந்த மஞ்சள் குங்குமத்தைத் துடைத்தேன். சாமி மேடையைக் கழற்றி, முப்பது வருஷ விளக்குக் கரி படிந்த சுவருக்கும் வெள்ளை அடித்தேன்.

கமலா பார்த்தாள். "ம்" என்றாள். அது எவ்வளவு ஆபத்து என்று கல்யாணமானவர்களுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை சுங்கை பினாங்கிலிருந்து ஒரு தம்பதி பார்க்க வந்தார்கள். எல்லாம் பிடித்தது. கடைசியில் அந்த அம்மா கேட்டார்.

"சாமி எங்கண்ணே வச்சிருந்தீங்க?"

வெற்றுச் சுவரைக் காட்டினேன்.

அவர் புருஷனிடம் திரும்பி, "விளக்கே ஏத்தாத வீடு போல... வேணாம் லா, போலாம்" என்றபடி செருப்பைத் தேடினார்.

என் சாம்ராஜ்யம் கவிழ்ந்தது.

"தங்கச்சி, கொஞ்சம் இரும்மா."

கமலா நாற்காலியைவிட்டு எழுந்து, நொண்டி நொண்டி வந்து, சுவரை நகத்தால் சுரண்டினாள். எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவாமல் நான் அடித்த பெயிண்ட்... அப்பளம் மாதிரி உரிந்து வந்தது. உள்ளே கன்னங்கரேலென்று கரி.

"முப்பது வருஷம் ஏத்துன விளக்கும்மா. இந்த மேதாவிதான் மூடி வச்சிட்டாரு."

அந்த அம்மா கரியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். செருப்பை விட்டுவிட்டு, சமையலறையை இன்னொரு தடவை பார்க்கப் போனார். அடுத்த வாரமே முன்பணம் கொடுத்தார்கள்.

இப்போது செபராங் ஜெயா. படி ஏறாததில் முழங்கால் வலி பாதி குறைந்துவிட்டது. நான் கண் விழிப்பதற்குள் கமலா தனியாகப் பாசாருக்குப் போய்க் காய்கறி வாங்கி, மகள் வீட்டில் கதையளந்துவிட்டுத் திரும்பியே விடுகிறாள். பழைய வீட்டில் ஒவ்வொரு படிக்கும் "என்னங்க, தோளைக் குடுங்க" என்பாள். பட்டத்து யானை போல நிற்பேன்.

நல்லதுதான்... கால் நன்றாக இருக்கட்டும்.

ஆனாலும் சில சாயங்காலம், சும்மாவாவது பிடித்துக்கொள்வாளா என்று தோளை நீட்டிப் பார்க்கிறேன்.

"வழியில நிக்காதீங்க, தள்ளுங்க" என்கிறாள்.