எந்த ஊருக்குப் பிரசிடெண்டு?

இறந்தவர்களின் படங்களுக்கு இந்த ஊரில் மாலை போடுவதில்லை. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், காற்று ஆளைப் பிடித்துத் தள்ளும் ஒரு சின்ன ஊரின் நூலகத்தில் நான் புத்தகம் அடுக்குகிறேன். தாழ்வாரச் சுவரில் மாநிலத்தின் பெயர்பெற்ற பெண்கள் வரிசையாக மாட்டப்பட்டிருக்கிறார்கள். பொட்டில்லை, பூவில்லை, ஊதுவத்திச் சாம்பல் இல்லை. கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு சும்மா பார்க்கிறார்கள். கடந்துபோகும்போதெல்லாம், யாருக்கோ செய்யவேண்டியதைச் செய்யாமல் போவதுபோல் கால் ஒரு நொடி தயங்கும். இது மாநிலமாவதற்கு முன்பே இங்கே பெண்களுக்கு ஓட்டுரிமை வந்துவிட்டதாம். ஒரு வயதான அம்மாள் ரொட்டிக்கு ஈஸ்ட் வாங்கச் சின்ன வாளியோடு கிளம்பி, போகிற வழியில் ஓட்டையும் போட்டுவிட்டுப் போனார். இன்னொருவர் சுரங்கக்காரர்களின் ஊரில் சட்டம் படிக்காமலே நீதிபதியாக இருந்தவர். மற்றொருவர், கணவர் இறந்தபின் கவர்னரானவர். எனக்கு வாளிக்கார அம்மாளைத்தான் பிடிக்கும். திரும்பி வந்து மாவு பிசைந்திருப்பார் அல்லவா?

மாவு பிசையும் கை என்றால் எனக்கு அக்கா கஸ்தூரிதான். ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தோம். எண்பதுகளில் இருவரும் அம்பத்தூர் எஸ்டேட்டில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றும் ஒரு சிறிய கம்பெனிக்கு ரயிலேறிப் போனோம். அங்கே பெண்களின் கழிப்பறைக்குக் கதவு இல்லை, ஒரு சாக்குப் படுதாதான். ஒருத்தி உள்ளே போனால் ஒருத்தி வெளியே காவல் நிற்கவேண்டும். ஒருநாள் அக்கா மிஷினை நிறுத்திவிட்டு இளவயது முதலாளியின் மேசைமுன் போய் நின்றாள். "உன் ஊட்டுப் பொம்பளைங்க போற எடத்துக்குக் கதவு கீதா, இல்லியா? அத்த மட்டும் சொல்லு நைனா." அந்த வாரமே கதவு வந்தது. பிறகு பூந்தமல்லிக்கு மேற்கே, ட்ரங்க் ரோட்டைவிட்டு உள்ளே தள்ளிய ஒரு ஊருக்கு அவள் வாழ்க்கைப்பட்டாள். நான் கணவரின் வேலையோடு கடல் தாண்டினேன். உள்ளாட்சித் தேர்தலில் பெண்களுக்கு இடம் ஒதுக்கியபோது அந்த ஊரின் பஞ்சாயத்துப் பிரசிடெண்டு பதவியும் பெண்களுக்கு விழுந்தது. தானே நிற்கக் காத்திருந்த மாமா, அக்காவின் கணவர், வேறு வழியில்லாமல் அக்காவை நிறுத்தினார். ஜெயித்துவிட்டாள்.

மார்ச் மாதம் இங்கே பெண்களின் வரலாற்றுக்கானது. அவரவர் குடும்பத்துப் பெண் ஒருத்தியின் படத்தைக் கொண்டுவரச் சொன்னார் நூலகர் டோரத்தி. நான் அக்காவின் பதவியேற்புப் படத்தைக் கொடுத்தேன்.

"யார் இவர்?"

"என் அக்கா. பிரசிடெண்ட்."

டோரத்தி கண்ணாடியைக் கழற்றினார். "உங்கள் கன்ட்ரிக்கா?"

பட்டணமா நாட்டுப்புறமா என்று கேட்கிறார் என நினைத்து, "ஆமாம், கன்ட்ரி சைடு" என்றேன். அவர் காதில் முதல் பாதிதான் விழுந்திருக்கிறது. மறுநாள் படத்தின்கீழே 'இந்திய ஜனாதிபதி' என்று அட்டை தொங்கியது. தபால்காரர் தொப்பியை எடுத்துவிட்டு என் கையைக் குலுக்கினார். பதறிப்போய் விளக்கினேன். டோரத்தி கண்ணில் நீர்வரச் சிரித்து, அட்டையை மாற்றி எழுதினார். பிறகு படத்தில் அக்காவின் நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்கும் மாமாவைக் காட்டி, "இவர் பாடிகார்டா?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இங்கே என் அக்காவை ஒரு தேசத்துக்கே தலைவி என்று நம்பினார்கள். அங்கே அவள் வாசலில் வந்து நிற்கிறவனுக்குக்கூட அவள் பிரசிடெண்டு இல்லை.

பஞ்சாயத்து ஆபீஸை ஒட்டிய எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் போட்டேன். பூத் வைத்திருக்கும் சேகர் போய் அக்காவை அழைத்துவந்தார். கதையைச் சொன்னேன்.

"பாடிகார்டா? அய்ய, அவரா? தெருநாய் கொலைச்சா என் முதுவுக்குப் பின்னால ஒளியற ஆளு!" சிரித்தாள். பிறகு குரல் இறங்கியது. "என்னாண்டயே வந்து கேக்குறானுங்கடி, 'பிரசிடெண்டு கீறாராக்கா'ன்னு. நானும் 'குளிச்சினுகீறாரு'ன்றேன். இப்ப ஏரி மண்ண லாரிக்காரனுக்கு உட்றேன்னு வாக்கு குட்த்துட்டாரு. கிராமசபையில நான் கையெழுத்துப் போட்டுட்டு ஊட்டுக்கு வந்துடணுமாம்."

"ஏரி போனா கெணறு போயிடுமே அக்கா."

"அவருக்கும் தெரியும்."

"நீ நாற்காலில உக்காந்து வேணாம்னு சொல்லு."

"சொல்லுவடி. நீ அங்க கீற. நான் வேணான்னுட்டு அதே ஊட்டுக்குத்தான திரும்பிப் போவணும்?"

போனை வைத்தபின்னும் அந்தக் கேள்வி அடுப்பங்கரையிலேயே நின்றது. சுவரில் இருக்கும் பெண்களைப் பற்றி யாரும் எழுதிவைக்காத பக்கம் அதுதானோ? ஓட்டுப்போட்டு, தீர்ப்புச் சொல்லி, அதன்பிறகு வீடு திரும்பிய அந்த மாலைகள். கதவைத் திறந்தவரின் முகம் எப்படி இருந்தது? தைரியம் சொல்ல எனக்கு என்ன இருக்கிறது? பெண்கள் முதலில் ஓட்டுப்போட்ட இந்த மண்ணில் எனக்கு ஓட்டில்லை, நான் இந்நாட்டுக் குடிமகள் அல்ல. ஆவடி வாக்காளர் பட்டியலிலும் என் பெயரை அடித்துவிட்டார்கள்.

கிராமசபை நாள். அங்கே காலை. இங்கே இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவும் நேரம். பொறுக்கமுடியாமல் பூத்துக்கு அடித்து, அக்காவைக் கூப்பிடச் சொன்னேன்.

"இப்ப முடியாதும்மா. பிரசிடெண்டு மீட்டிங்ல கீறாங்க" என்றார் சேகர்.

கீறாரு இல்லை. கீறாங்க.

"எந்தப் பிரசிடெண்டு?"

"இன்னாம்மா, ஊருக்கு எத்தினி பிரசிடெண்டு? அக்காதான். மண்ணு உட்றதில்லன்னுட்டாங்க. அதுக்குத்தான் கை தூக்கச் சொல்லிகினுகீறாங்க."

"மாமா?"

"மூஞ்சத் தூக்கி வெச்சிகினு வெளியில பீடி புட்ச்சினுகீறாரு. ராவுக்கு ஊட்டுல கீது கச்சேரி. இருங்க, நானும் ஒரு கை தூக்கிட்டு ஓடியாந்துட்றேன்."

ரிசீவரை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். ஒரு காதில் அந்த ஊரின் சலசலப்பு, பஸ் ஹாரன், எல்லாவற்றுக்கும் மேலே அக்காவின் குரல், சொற்கள் பிடிபடவில்லை. மறு காதில் வயோமிங்கின் காற்று ஜன்னலை உலுக்கிக்கொண்டிருந்தது. நான் ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, ஈரக்கையை உயரத் தூக்கினேன். சோப்பு நுரை முழங்கைவரை வழிந்தது. அங்கே யாரோ உரக்கக் கைகளை எண்ண ஆரம்பித்தார்கள்.