பொரி போட்ட அண்ணன் வீடியோவில் இல்லை

பொழிச்சலூரில் இருக்கும் என் நண்பன் குமரன் கல்யாண வீடியோ எடுப்பவன். தங்கை கல்யாணத்தில் அண்ணனாகப் பொரி போட வேண்டும் என்பதால், முந்தைய நாளே கேமராவை என்னிடம் கொடுத்தான். "எல்லார் வூட்டு கல்யாணத்துலயும் கேமராவுக்குப் பின்னாடியே நிக்கிறேன் மச்சான். ஒரு தபாவாவது வீடியோல நானும் வரணும்" என்றான்.

படம் இன்னும் துல்லியமாக வரட்டுமே என்று, அவனிடம் கேட்காமலே, கேமராவை உள்ளிருந்து இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரை, யாரோ மாற்றியமைத்து இணையத்தில் போட்டிருந்ததை, அதில் ஏற்றினேன். வீட்டில் சின்னதாக எடுத்துப் பார்த்தபோது பளிச்சென்று இருந்தது. மண்டபத்தில், தங்கையின் கையில் பொரி போட அவன் குனிந்த நேரம், துல்லியம் கூடியதால் வேகமாகக் குவிந்த பதிவுக்குப் பழைய மெமரி கார்டு ஈடுகொடுக்க முடியாமல் பதிவு நின்றுவிட்டது. மறுபடி ஓட விடுவதற்குள் சடங்கே முடிந்துவிட்டது.

"உன் மேல தப்பு இல்ல மச்சான், கேமராதான் பழசாயிடுச்சி" என்று அவனே என்னைச் சமாதானப்படுத்தினான். தாங்க முடியாமல் அங்கேயே உண்மையைச் சொன்னேன். அவன் திட்டவில்லை. கேமராவை வாங்கி, மீதிக் கல்யாணத்தை அவனே எடுத்தான்.

இப்போதெல்லாம் அடுத்தவர் பொருளில் கேட்காமல் கைவைப்பதில்லை. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், வீடியோ எடுப்பவரை என் போனில் கொஞ்சம் எடுத்து அவருக்கே அனுப்பிவிடுகிறேன்.

- கோவிலம்பாக்கம் வாசகர்