ஹங்கேரி அம்மாவின் ஜெர்மன் பாட்டு

மாமல்லபுரம் கடற்கரையில் எனக்குச் சின்ன ஓட்டல். மீன் வறுவல்தான் முக்கியம். நான் அஞ்சாவதோடு நின்றவன். வெள்ளைக்காரர்களிடம் அவர்கள் பாஷையில் சொல்ல வேண்டியதை அடுப்படிச் சுவரில் கரியால் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துப் படிப்பேன். காரம் கம்மி, முள் இருக்கு, இப்படி. ஜெர்மனில் மட்டும் பத்து வரி.

ஒரு ஜெர்மன்காரர் ஊருக்குப் போகும்போது பென் டிரைவ் ஒன்று கொடுத்தார். பழைய டிஸ்கோ பாட்டு. தினமும் போடுவேன்.

போன டிசம்பரில் ஹங்கேரியிலிருந்து ஒரு அம்மா சாப்பிட வந்தார். எழுபது வயசிருக்கும். மூன்றாவது பாட்டில் கரண்டியைக் கீழே வைத்தார். "என் குரல்" என்றார்.

இருவருக்கும் ஓட்டை இங்கிலீஷ்தான். அதில் சொன்னார். அவர் பாஷையில் பாடிய பாட்டு அது. மேற்கு நாடுகளில் விற்க, கம்பெனி அதையே ஜெர்மனில் பாடவைத்தது. ஜெர்மன் தெரியாது. தன் எழுத்தில் எழுதிவைத்துப் பாடினாராம். நான் சுவரைக் காட்டினேன். சிரித்தார்.

"உங்க பாஷையில பாடுங்க" என்றேன். பாடினார். இரண்டாவது சரணத்தில் ஜெர்மன்தான் வந்தது. மறுபடி பாடினார். அதே இடம். முகம் மாறிவிட்டது.

"போன்ல தேடித் தரட்டுமா?"

"வேண்டாம். நான் பாடினது. என் வாயில் வரணும்."

தினமும் மத்தியானம் வந்து பாடிப் பார்த்தார். அந்தச் சரணம் வரவில்லை. சாப்பாடும் அப்படியே இருந்தது.

என் மனைவி சொன்னாள். "அந்தப் பாட்ட நிறுத்துய்யா. அது ஓடிக்கினே கீதே, அந்தம்மாவுக்கு எப்டி ஞாபகம் வரும்?"

பென் டிரைவைப் பிடுங்கினேன். பாட்டு எங்கே என்று ஜெர்மன்காரர்கள் கேட்டார்கள். கெட்டுப்போச்சு என்று அவர்கள் பாஷையிலேயே சொன்னேன்.

"பொய் மட்டும் நல்லா வருது உனக்கு" என்றாள் மனைவி.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் அந்த அம்மா அடுப்படிக்கு வந்து, என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து இறால் உரித்தார். கை வேலையில் இருந்தது. வாய் முணுமுணுத்தது. முதல் சரணம் முடிந்தது. இரண்டாவதும் அவர் பாஷையிலேயே வந்தது. மனைவி என்னைப் பார்த்தாள், பேசாதே என்று. முழுசாகப் பாடி முடித்தார். கையெல்லாம் இறால். முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் கரித்துண்டை எடுத்தேன். "இன்னொரு தடவை. மெதுவா."

சுவரில் என் ஜெர்மன் வரிகளுக்குக் கீழே, அவர் பாடப் பாடத் தமிழ் எழுத்தில் எழுதினேன். படித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் திருத்தினார்.